ஓடாத படத்துக்கு ஒழுகாத கொட்டகை

உலக சினிமாவின் வரலாற்றை எழுதப் புறப்படும் அறிஞர்கள் பாரிஸுக்கும் மும்பைக்கும் போய்க் காலத்தை வீணாக்க வேண்டாம். சித்திரபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் பிடித்து, ஜீப் போகாத இடத்தில் இறங்கி நடந்து, அட்டை கடித்த காலோடு கொக்கரைமலை எஸ்டேட் கீழ் டிவிஷனுக்கு வந்து சேர்ந்தால் போதும். உலகம் கைவிட்ட கலையை உலகம் கைவிட்ட மனிதர்கள் தூக்கி நிறுத்திய இடம் அதுதான். தூக்கி நிறுத்தியவர் கவ்வாத்து வெட்டும் கருத்தப்பாண்டி. அந்த வேலையில் அவருடைய வலது தோள்பட்டை இறங்கிப்போனது. தேயிலைச் செடி வெட்டி வெட்டித்தான் இறங்கியது என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். டிஸ்பென்சரிக்காரர்களுக்குக் கலை தெரியாது.

நடிகர் ரூபகாந்தனை அறியாதவர் கிடையாது. அவர் ஒரு கையால் லாரியை நிறுத்திய படங்கள் ஊர் ஊராக ஓடின. அவற்றைப் பற்றிக் கருத்தப்பாண்டி வாய் திறக்கமாட்டார். "ஓடுனதப் பத்திப் பேச நாட்டுல ஆளு இருக்கு. ஓடாததுக்கு யாரு இருக்கா?" என்பது அவர் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாகத் தொடங்கப்பட்டதே 'ரூபகாந்தன் அண்டர்ரேட்டட் படங்கள் மறுபார்வைக் குழு'. தலைவர் கருத்தப்பாண்டி. செயலாளர் மத்தியாஸ், செடிகளுக்கு மருந்து அடிக்கிறவர், மாதா கோயில் கொயரில் பாடுகிறவர். தொழில்நுட்பப் பிரிவு மத்தியாஸின் மகன் ஜினோ. டூரிஸ்ட்டுகளை ஜீப்பில் ஏற்றிப்போய் மேகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் தொழில். 'அண்டர்ரேட்டட்' என்ற சொல்லை மொபைலிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவனும் அவனே. அதற்கு என்ன அர்த்தம் என்று முதல் கூட்டத்திலேயே கருத்தப்பாண்டி அவனைக் கேட்டார்.

"தகுதி இருக்கு சித்தப்பா, ஆனா ஒருத்தனும் மதிக்கல. அதான்."

"அப்ப நாம எல்லாருமே அதானலே" என்றார் மத்தியாஸ். பெயர் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

குழு ஆய்ந்து தெளிந்த படங்கள் பல. 'கதவு எண் காணவில்லை' என்று ஒரு திகில் படம். கொலைகாரன் யார் என்பது போஸ்டரிலேயே தெரிந்துவிடும், கத்தியோடு நிற்பார். "மொதல்லயே சொல்லிட்டு அப்புறமும் நம்மள உக்கார வைக்கணும்னா எவ்வளவு தைரியம் வேணும்!" என்று தலைவர் வியந்தார். 'தபால்காரர் திரும்பவில்லை' என்று இன்னொன்று. தபால்காரராக நடித்தவர் பாதியில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், அதனால் கடைசிவரை திரும்பவில்லை. இதைவிட நேர்மையான திகில் உலகில் உண்டா என்று குழு கேட்டது. உலகம் பதில் சொல்லவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முடிமணி 'கூரை கேட்ட குரல்'. இது திகில் அல்ல, உருக்கம். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயங்கள் ஒழுகுகின்றன. கதாநாயகன் ரூபகாந்தன் தொழிலாளிகளைத் திரட்டி மழையில் நின்று, "கூரை வேண்டும்!" என்று முழங்கி, கடைசியில் வாங்கியும் கொடுத்துவிடுகிறார். அந்தப் படம் இதே கொக்கரைமலையில்தான் எடுக்கப்பட்டது. கருத்தப்பாண்டியின் மகள் செல்வப்பிரியா அப்போது தொட்டில் குழந்தை.

படம் எடுக்க வந்த டைரக்டர் முதலில் நிஜ லயத்தைத்தான் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இங்க ஒழுகுறது இயற்கையா இல்லையே" என்றார். நிஜ லயம் மேற்கு மூலையில் ஒழுகியது. கேமராவுக்கு வெளிச்சம் கிழக்கே இருந்தது. எனவே பக்கத்திலேயே பலகையில் இன்னொரு லயம் கட்டி, மேலே ஓட்டை போட்ட குழாய் ஓடவிட்டு, ஒழுங்காக ஒழுகவைத்தார்கள். நிஜ மழை சொன்ன நேரத்துக்குப் பெய்யாது என்பதால் மழையும் டேங்கர் லாரியில் வந்தது. தொழிலாளிகள் அதில் நனைந்து, "கூரை வேண்டும்!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். கத்தி முடித்ததும் பிரியாணி வந்தது. கடைசிக் காட்சிக்காகப் போட்ட பளபளக்கும் புதுத் தகரங்களை மறுநாள் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஏற்றிக்கொடுத்தவர்களும் இதே தொழிலாளிகள்தான். "பாத்து, பாத்து, மடங்கிரப் போவுது" என்று கருத்தப்பாண்டி பொறுப்போடு குரல் கொடுத்தார். ஏற்றிவிட்டுத் தங்கள் லயத்துக்குப் போய் ஒழுகும் மூலையில் சட்டியை வைத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் அன்று தோன்றவில்லை. கலையை வாழ்க்கையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாத பக்குவம் அந்த மலைக்கு அப்போதே வந்துவிட்டது.

படத்தில் ரூபகாந்தனுக்கு நேர் பின்னால் நிற்பது கருத்தப்பாண்டி. முகம் தெரியாது. எல்லோரும் மானேஜர் பங்களாவைப் பார்த்து நின்றதால் முதுகுதான் தெரியும். ஆனாலும் எப்பேர்ப்பட்ட முதுகு!

அந்த முதுகுக்குக் கீழே தன் பெயர் போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் எழுத்துப் படித்தார். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் சாட்சரதா வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, எதற்காகப் படிக்க வருகிறீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் கையெழுத்துப் போட என்றார். ஒருவர் பஸ் போர்டு பார்க்க என்றார். கருத்தப்பாண்டி, "எழுத்துப் போடுறது பாக்க" என்றார். படித்து முடித்ததும் ஜினோவின் மொபைலில் படத்தை ஓடவிட்டு, எழுத்து வரும் இடத்தில் நிறுத்தி, விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். கதாநாயகன் பெயர் இருந்தது. வில்லன் பெயர் இருந்தது. டேங்கர் லாரிக்காரர் பெயர்கூட இருந்தது. அதற்குக் கீழே, 'மற்றும் பலர்'.

"அந்தப் பலர்ல மொத ஆளு நான்தான்" என்று அன்று அறிவித்தார். மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

இப்படிக் கலை ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்க, லயம் மறுபக்கம் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கூரை மேலும் நீலப் படுதா ஒன்றைப் போர்த்தி, பறந்துவிடாமல் கல்லும் பழைய டயரும் ஏற்றிவைத்து, அந்தத் தயவில் மழைக்காலத்தைக் கழிப்பது மலை வழக்கம். இந்த ஆண்டு ஆனி மாதம் அதிசயம் நடந்தது. புதுத் தகரம் வந்திருப்பதாக, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அறிவித்தார்.

"எல்லா வீட்டுக்கும் பத்தாது. ஞாயித்துக்கெழம வெல்ஃபேர் ஆபீசர் நேர்ல வருவாரு. வீடு யாரு பேர்ல இருக்கோ அவங்க தன் வாயால 'ஒழுகுது, தகரம் வேணும்'னு சொல்லணும். சொல்லாதவங்களுக்குக் கெடையாது. பொறகு வந்து அழக்கூடாது."

கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்ற குருவம்மாள் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். கருத்தப்பாண்டி வானத்தைப் பார்த்தார். ஏனென்றால் அதே ஞாயிறுதான் குழுவின் முதல் பெருந்திரையிடல். மழை எச்சரிக்கையால் டூரிஸ்ட்டுகள் வராததால், ரிசார்ட் புரொஜெக்டரை அந்த ஒரு நாளைக்கு எடுத்துவர ஜினோ ஏற்பாடு செய்திருந்தான். மாலையில் வைக்க முடியாது. ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் யானை வரும். யானைகள் குழுவில் உறுப்பினர்கள் அல்ல. எனவே பகல் காட்சி.

பகலில் படம் தெரிய வேண்டுமானால் இருட்டு வேண்டும். காட்சி நடக்கவிருந்த தோட்டத்துக் கிளப்பிலோ ஜன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை, கூரையில் தகரமும் பாதிதான். குழு அவசரமாகக் கூடியது. நாட்டில் எத்தனையோ குழுக்கள் எத்தனையோ தீர்மானங்கள் போட்டிருக்கின்றன. இதற்கு ஈடாக ஒன்று போட்டிருக்குமா என்பது ஐயம்தான். 'கலையின் பொருட்டு ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கூரைப் படுதாவை ஒரு பகல் மட்டும் கழற்றித் தருவதெனத் தீர்மானிக்கப்படுகிறது.'

ஞாயிறு காலை வெயில் சிரித்தது. கருத்தப்பாண்டி ஏணி வைத்துத் தன் வீட்டுக் கூரையில் ஏறினார். குருவம்மாள் கீழே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன செய்தீரு மேல?"

"ஒரு பகலுக்குத்தான் புள்ள. மூணு மணிக்குத் திரும்பப் போட்டுருவேன்."

"நாளைக்குப் பேறுகாலத்துக்கு மக வாரா. தலப்பிள்ள. கட்டில அந்த மூலையிலதான் போட்டுருக்கேன். மெத்தையெல்லாம் காயவச்சு விரிச்சாச்சு. நீரு என்னடான்னா படுதாவ உருவுதீரு."

"வெயிலு அடிக்கே, பாக்கலையா?"

"இந்த மலையில வெயில நம்புனவன் நீரு ஒருத்தருதான். சரி, ஆபீசர் வருவாரே, அதுக்கு?"

"ஆபீசர்மாரு என்னைக்குச் சாப்பிடாம வந்தாங்க? சாப்பிட்டு, செத்த சாஞ்சு, அப்புறந்தான் வருவாரு. அதுக்குள்ள படம் முடிஞ்சுரும்."

"வரும்போது நீரு வீட்டுல இருக்கணும். வீடு ஒம்ம பேர்லதான் இருக்கு. நான் சொன்னா எடுக்கமாட்டாங்க."

"இருப்பேன் புள்ள. ரூபகாந்தன் மேல சத்தியம்."

"அந்தாளு மேல எதுக்குச் சத்தியம்? அந்தாளு வீடா ஒழுகுது?"

இந்தக் கேள்வியின் ஆழத்துக்குள் இறங்க நேரம் இல்லை. படுதாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தலைவர் போய்விட்டார். நல்ல தோளில்தான்.

அன்று பதினொரு மணிக்குக் கொக்கரைமலை கிளப் ஒரு மாபெரும் நீலப் பொட்டலமாக நின்றது. ஜன்னல் தெரியவில்லை, வாசலில் ஒரு படுதா, கூரைமேல் இரட்டைப் படுதா. கீழ் டிவிஷனின் சரித்திரத்தில் முதன்முதலாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வர வழியில்லாத கட்டடம் அன்றுதான் உருவானது. ஒரே ஒரு வீடுதான் படுதா கொடுக்க மறுத்தது. அது கருத்தப்பாண்டிக்கு அடுத்த வீடு, மூக்கம்மாளுடையது. புருஷன் போன பிறகு வீடு அவள் பெயருக்கு வந்திருந்தது. "அந்த நடிகன் மூக்கு எனக்குப் புடிக்கல" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரசனை இல்லாதவர்களை வற்புறுத்துவதில்லை என்று குழு பெருந்தன்மையோடு திரும்பியது.

தலைமையுரையில் கருத்தப்பாண்டி, "ஓடுற படத்தப் பாக்கவன் ரசிகன். ஓடாத படத்தப் பாக்கவன் அறிஞன்" என்றார். அறிஞர்கள் கைதட்டினார்கள். முதலில் 'கதவு எண் காணவில்லை' காட்டப்பட்டது. கொலைகாரன் யார் என்று தெரிந்திருந்தும் எல்லோரும் பயந்தார்கள். பிறகு பால் விடாத கட்டஞ்சாயா. பிறகு 'கூரை கேட்ட குரல்'.

பாதிப் படத்தில் வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே யாருக்கும் தெரியவில்லை. படத்திலும் மழை என்பதால் இரண்டு சத்தமும் கலந்துவிட்டன. "சவுண்டு எஃபெக்ட் எப்படி, பாத்தியளா!" என்றார் மத்தியாஸ்.

வெல்ஃபேர் ஆபீசர் அன்று சாப்பிடாமல் வந்துவிட்டார். மழை பெய்யும்போது போனால்தான் எந்த வீடு ஒழுகுகிறதென்று தெரியும் என்பது அவருடைய எண்ணம். ஆபீசர்கள் இப்படித் திடீரென்று யோசிக்கத் தொடங்கினால் தொழிலாளி எப்படிப் பிழைப்பான்? லயத்தில் வீட்டுக்கு வீடு பூட்டு. மூக்கம்மாள் மட்டும் வாசலில் நின்று, "ஒழுகுது சார், தகரம் வேணும்" என்று தன் வாயால் சொன்னாள். அடுத்துக் குருவம்மாள். அடுப்படியில் வைத்த சட்டி, கட்டிலின் மேல் வைத்த வாளி, நனைந்த மெத்தை எல்லாவற்றையும் காட்டினாள்.

"வீடு பாண்டியோட பேரில் அல்லே?" என்றார் மலையாளியான ஆபீசர். "பாண்டி தன்னே பறையணும். எவிடெ ஆளு?"

"வாங்க சார், காட்டுதேன்" என்றாள் குருவம்மாள். குடையை அவருக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டே கிளப்புக்குக் கூட்டிவந்தாள்.

உள்ளே உச்சக்கட்டம். திரையில் மழை கொட்டுகிறது. ரூபகாந்தன் கையை உயர்த்துகிறார். பின்னால் கூட்டம். அதோ, அந்த முதுகு வரப்போகிறது. கருத்தப்பாண்டி மூச்சை நிறுத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அந்த நொடியில் வாசல் படுதா விலகியது, வெளிச்சம் உள்ளே பாய்ந்தது, ஒரு பெரிய தலையின் நிழல் திரையில் ஏறி முதுகை முழுசாக மறைத்தது.

"யாருவே அது, மறைக்கது?"

"ஞான் வெல்ஃபேர் ஆபீசராணு."

"சார்! கொஞ்சம் ஒதுங்குங்க சார்!"

"பாண்டி, வீடு ஒழுகுதா இல்லையா? அது மாத்திரம் பறஞ்சால் மதி. தகரம் வேணுமா, வேண்டாமா?"

திரையில் தொழிலாளிகள் முழங்கினார்கள்: "கூரை வேண்டும்!"

"வேண்டாம் சார்!" என்று கத்தினார் கருத்தப்பாண்டி. "இப்ப ஒண்ணும் வேண்டாம்! மொதல்ல உக்காருங்க!"

ஆபீசர் ஆச்சரியப்பட்டுப்போனார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நிங்களுக்கு? ஆருக்கும் வேண்டாமா?"

"வேண்டாம்!" என்றது கூட்டம். மத்தியாஸ் கொயரில் பாடுகிறவர் என்பதால் மேல் சுருதியில் எடுத்தார். மற்றவர்கள் கீழே பிடித்துக்கொண்டார்கள். திரையில் 'வேண்டும்', அரங்கில் 'வேண்டாம்'. இப்படி எதிரும் புதிருமான சேர்ந்திசை எந்தத் தோட்டத்திலும் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆபீசர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலெல்லாம் படுதா. கூரையெல்லாம் படுதா. அவருடைய தலையில்கூட ஒரு சொட்டு விழவில்லை. "இத்தற படுதா கையில உண்டோ! கொள்ளாமல்லோ" என்று, நன்றாகத்தான் இருக்கிறது என்ற மனநிறைவோடு சொல்லிவிட்டுப் போனார்.

குருவம்மாள் போகவில்லை. நனைந்த சேலையோடு வாசலிலேயே நின்றாள். நிழல் விலகிய திரையில் அந்த முதுகு இன்னும் இருந்தது.

"அது நீருதானா?"

"ஆமா புள்ள!" தலைவர் திரும்பிப் பார்க்காமலே பூரித்தார். "பாத்தியா, பாத்தியா!"

"பாத்தேன். கல்யாணமான நாளையிலேருந்து அதத்தான பாத்துட்டு இருக்கேன்."

படுதா மறுபடி விழுந்தது. இருட்டானது. படம் தெளிவாகத் தெரிந்தது.

திரையில் புதுத் தகரம் பளபளத்தபோது அழாதவர் இல்லை. "நம்ம கஷ்டத்த எப்படி எடுத்துருக்கான்!" என்று மத்தியாஸ் மூக்கைச் சிந்தினார். விழா இனிதே நிறைவுற்றது. அவரவர் படுதாவை அவிழ்த்து, தலைமேல் போட்டுக்கொண்டு, அவரவர் வீட்டுக்கு ஓடி, அவரவர் கட்டிலைப் பார்த்தார்கள்.

கருத்தப்பாண்டியின் வீட்டில் கட்டில் இல்லை. மகளுக்கென்று விரித்த மெத்தை மட்டும் பழைய இடத்தில், பிழிந்தால் ஒரு குடம் வரும் நிலையில் கிடந்தது. கட்டிலை மூக்கம்மாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். குருவம்மாளும் அங்கேதான் இருந்தாள். மறுநாள் தேனியிலிருந்து வந்த செல்வப்பிரியா பிறந்த வீட்டுப் படியேறவில்லை. அடுத்த வீட்டுப் படியேறினாள். அப்பா வாசலில் நின்று, "உள்ள வரட்டா?" என்று கேட்டார்.

"வீடு எம் பேர்ல இருக்கு" என்றாள் மூக்கம்மாள். "நான் எம் வாயால சொல்லணும். யோசிச்சுச் சொல்லுதேன்."

பேரன் அந்த வாரமே பிறந்தான். மூக்கம்மாளின் கூரையில் புதுத் தகரம் ஏறியது. அடித்தவர்களில் கருத்தப்பாண்டியும் உண்டு. "பாத்து, பாத்து, மடங்கிரப் போவுது" என்று பொறுப்போடு குரல் கொடுத்தார். முன்பொரு நாள் லாரி ஓரத்தில் இதையே சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆணி ஒன்று வளைந்துபோனது.

ஒரு நாள் பெரட்டு நடக்கும் இடத்துப் பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர் என்ற முறையில் கருத்தப்பாண்டியை எல்லோரும் முன்னால் தள்ளினார்கள். அவர் பலகைப் பக்கம் திரும்பி, விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.

"கூ… கூரைத் தகரம் வேண்டும் எனத் தெரிவித்தவர்: மூக்கம்மாள். வேண்டாம் எனத் தெரிவித்தவர்கள்…"

விரல் நின்றது.

"என்னய்யா நிறுத்திட்டீரு?" என்றார் மத்தியாஸ்.

வாழ்நாள் முழுக்கத் தேடிய எழுத்து அது. அச்சில், கொட்டை எழுத்தில், ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தது.

"…கருத்தப்பாண்டி மற்றும் பலர்."

 பலர் அனைவரும் தரையைப் பார்த்தார்கள். வரிசையின் கடைசியிலிருந்து கொழுந்துக் கூடையோடு குருவம்மாள் முன்னால் வந்தாள்.

"சத்தம் பின்னால கேக்கல" என்றாள். "இன்னொரு தடவ வாசியும். இந்தத் தடவ முதுகக் காட்டாம, இந்தப் பக்கம் திரும்பி நின்னு வாசியும்."